அடுத்த அடி

நுழையும்முன்

நடத்தல் என்பது நாள்தோறும் நாம் செய்தும் எண்ணிப் பாராத செயல். குழந்தை முதல் அடி எடுத்து வைக்கும்போது வீடே மகிழ்கிறது. அதன்பின் நடையை எவரும் பொருட்படுத்துவதில்லை. முதுமையிலோ நோயிலோ கால் தடுமாறும்போதுதான், ஒவ்வோர் அடியும் எத்துணை நுட்பமான கணக்கு என்பது விளங்குகிறது. கடலூர், சிதம்பரம் பகுதியின் மணலிலும் வரப்பிலும் சேற்றிலும் பதியும் காலடிகளைத் துணைகொண்டு அக்கணக்கை விளக்குகிறது இப்பாடம்.

சிதம்பரம் நடராசர் கோவிலின் கோபுர வாயில்களைக் கடந்து நாள்தோறும் எண்ணற்ற கால்கள் உள்ளே செல்கின்றன. அவ்வாயில்களின் உட்புறச் சுவர்களில் ஆடல் சிற்பங்கள் வரிசை வரிசையாகச் செதுக்கப்பட்டுள்ளன. நாட்டிய சாத்திரத்தின் நான்காம் அத்தியாயம் கூறும் 108 கரணங்களின் கல்வடிவங்கள் அவை. ஒரு சிற்பத்தில் கால் பின்னோக்கி வளைந்திருக்கிறது. மற்றொன்றில் கால் தோளுக்கு மேல் உயர்ந்திருக்கிறது. இன்னொன்றில் உடல் ஒருபுறம் சாய, கை மறுபுறம் நீள்கிறது. காண்போர் மனத்தில் ஒரு வினா எழுகிறது: இத்தனை சாய்வுகளுக்கு இடையிலும் விழாமல் நிற்பது எப்படி?

அதே வினாவை அச்சிற்பங்களின் முன்னால் நடந்து செல்லும் மனிதரை நோக்கியும் கேட்கலாம். தலையில் பூக்கூடையுடன் செல்லும் பெண், தோளில் குழந்தையைச் சுமந்து செல்லும் தந்தை, கைத்தடி ஊன்றி வரும் முதியவர் ஆகியோர் அனைவரும் ஒவ்வொரு நொடியும் விழும் நிலையை எய்துகின்றனர். ஒவ்வொரு நொடியும் அதிலிருந்து மீள்கின்றனர். சிற்பத்தின் சமநிலை கல்லில் நிலைத்துவிட்டது. மனிதரின் சமநிலையோ அடிதோறும் புதிதாக ஆக்கப்பட வேண்டியது.

விழுவதும் மீள்வதும்

நான்கு கால் கொண்ட மேசை அசையாமல் நிற்கிறது. அதன் எடை முழுவதும் குவிந்திருப்பதாகக் கொள்ளப்படும் ஈர்ப்பு மையத்திலிருந்து நேர்கீழே ஒரு கோடு வரைந்தால், அது நான்கு கால்களுக்கு இடைப்பட்ட பரப்பினுள் விழும். அப்பரப்பே தாங்குதளம். கோடு தாங்குதளத்தினுள் இருக்கும்வரை பொருள் சாயாது, வெளியேறினால் சாயும்.

நிற்கும் மனிதரின் ஈர்ப்பு மையம் தொப்பூழுக்குச் சற்றுக் கீழே, உடலின் உட்பகுதியில் அமைந்துள்ளது. அவருக்குத் தாங்குதளம் இரண்டு பாதங்களும் அவற்றின் இடைவெளியும் மட்டுமே. நடக்கத் தொடங்கியதும் அச்சிறு பரப்பும் சுருங்கிவிடுகிறது. ஒரு கால் நிலத்தை விட்டு எழுந்தவுடன் உடலைத் தாங்க எஞ்சியிருப்பது ஒற்றைப் பாதத்தின் அகலமே.

இயல்பான நடையில் ஒரு கால் தரையில் ஊன்றி மீண்டும் ஊன்றும் வரையிலான காலத்தை 100 பங்காகக் கொண்டால், அக்கால் ஏறத்தாழ 60 பங்கு நேரம் தரையிலும் 40 பங்கு நேரம் காற்றிலும் இருக்கிறது. இரு கால்களும் ஒருசேரத் தரையில் இருப்பது ஏறத்தாழ 20 பங்கு நேரமே. எஞ்சிய 80 பங்கு நேரமும் மனிதர் ஒற்றைக்காலில்தான் நிற்கிறார். கூத்தபிரானின் திருமேனியில் நாம் வியக்கும் ஒற்றைக்கால் நிலை, நடக்கும் ஒவ்வொருவரிடமும் நொடிக்கு நொடி வந்து போகிறது.

நடப்பவரின் ஈர்ப்பு மையம் பெரும்பாலான நேரம் ஊன்றிய பாதத்தின் மேல் இருப்பதும் இல்லை. ஊன்றிய காலை அச்சாகக் கொண்டு, தலைகீழாக நிறுத்தப்பட்ட ஊசலைப்போல உடல் முன்னோக்கிச் சாய்கிறது. அச்சாய்வு தொடர்ந்தால் மனிதர் முகங்குப்புற விழ வேண்டும். விழுவதற்கு முன்னால் மற்றொரு கால் முன்சென்று தரையைத் தொடுகிறது, வீழ்ச்சி தடுக்கப்படுகிறது. உடனே அடுத்த வீழ்ச்சி தொடங்குகிறது. ஆதலின், நடை என்பது கட்டுப்படுத்தப்பட்ட வீழ்ச்சிகளின் தொடர் என்று அறிவியலார் கூறுவர். வீழ்ச்சிதான் உடலை முன்னே கொண்டு செல்கிறது. அடுத்த அடிதான் அவ்வீழ்ச்சியை நடையாக மாற்றுகிறது.

கோல் சாயும் பக்கம் கை செல்லும்

சிறுவன் ஒருவன் உள்ளங்கையில் நீண்ட கோல் ஒன்றைச் செங்குத்தாக நிறுத்தி விளையாடுகிறான். கோல் வலப்புறம் சாய்ந்தால் அவன் கை எப்பக்கம் நகர்கிறது? வலப்புறமே நகர்கிறது. சாயும் கோலுக்கு அடியில் கையைக் கொண்டு சேர்ப்பதே கோலை நிமிர்த்தும் வழி. மிதிவண்டி ஓட்டுவோரும் வண்டி சாயும் பக்கமே கைப்பிடியைத் திருப்புகின்றனர். சாய்வுக்கு எதிர்ப்புறம் விலகுதல் அன்று. சாயும் பக்கம் சென்று தாங்குதலே சமநிலையின் அடிப்படை.

மனித நடையும் இவ்விதியையே பின்பற்றுகிறது. இடக்காலில் நிற்கும்போது உடல் வழக்கத்தைவிடச் சற்று வலப்புறம் சாய்ந்துவிட்டால், காற்றில் வரும் வலக்கால் வழக்கத்தைவிடச் சற்று வலப்புறம் தள்ளி ஊன்றப்படுகிறது. சாய்வு குறைவாயின் கால் உட்புறமாக ஊன்றப்படுகிறது. உடல் எங்கே இருக்கிறது என்பதோடு, எவ்வளவு விரைவில் எத்திசையில் செல்கிறது என்பதும் இக்கணக்கில் சேர்கிறது. விரைந்து சாயும் உடலுக்கு, அது சென்று சேரவிருக்கும் இடத்திற்குச் சற்று அப்பால் கால் ஊன்றப்பட வேண்டும். அவ்வாறு ஊன்றினால்தான் அக்கால் உடலைத் தாங்கி மறுபுறம் திருப்பிவிட இயலும்.

அமெரிக்காவின் ஓகியோ மாநிலப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த யாங் வாங், மனோஜ் சீனிவாசன் ஆகியோர் 2014ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வு இதனைத் தெளிவாகக் காட்டியது. இயல்பாக நடப்போரின் நூற்றுக்கணக்கான அடிகளை அவர்கள் அளந்தனர். ஒரு காலில் நிற்கும் நடுக்கணத்தில் இடுப்பு இருக்கும் இடத்தையும் அதன் திசைவேகத்தையும் கொண்டு, அடுத்த கால் பக்கவாட்டில் எங்கே ஊன்றப்படும் என்பதைக் கணித்தனர். அடிக்கு அடி தோன்றும் பக்கவாட்டு மாறுபாட்டில் 80 விழுக்காட்டிற்கும் மேல் அக்கணிப்பினால் விளக்கப்பட்டது. நடையில் தோன்றும் சிறு சிறு மாற்றங்கள் காரணமற்ற பிழைகள் அல்ல. அவற்றுட் பெரும்பாலானவை முந்தைய சாய்வுக்கு உடல் அளிக்கும் விடைகள் என்று கருத இவ்வாய்வு இடமளிக்கிறது.

முன்பின் சமநிலையைவிடப் பக்கவாட்டுச் சமநிலையே மிகுதியான கவனத்தை வேண்டுகிறது. கனடா நாட்டில் தாட் மெக்கீர் என்பவர், மோட்டாரோ கணினியோ இல்லாத கால் பொறி ஒன்று சிறு சரிவில் தானே நடந்து இறங்குவதை 1990ஆம் ஆண்டு காட்டினார். முன்னோக்கிய நடையைக் கால்களின் அமைப்பும் புவியீர்ப்பும் பெருமளவு பார்த்துக்கொள்ளும் என்பது அதனால் விளங்கிற்று. பக்கவாட்டில் அத்தகைய உதவி கிடைப்பதில்லை. மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் பாபி, குவோ ஆகியோர் 2000ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வில் பங்கேற்றோர் கண்களை மூடியும் நடந்தனர். அப்போது காலடியின் பக்கவாட்டு மாறுபாடு ஏறத்தாழப் பாதியளவு கூடியது. முன்பின் மாறுபாடு அந்த அளவிற்குக் கூடவில்லை. பக்கவாட்டுச் சமநிலையை உடல் ஒவ்வோர் அடியிலும் உணர்ந்து திருத்துகிறது என்பது இதனால் பெறப்படும்.

கால்களை எப்போதும் அகற்றியே வைத்து நடந்தால் பாதுகாப்பு மிகுமே எனலாம். மிகும், ஆயினும் ஒவ்வோர் அடியிலும் உடலை ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்திற்குத் தள்ள மிகுதியான ஆற்றல் செலவாகும். மிகக் குறுக்கி வைத்தாலும் தடுமாற்றத்தைத் திருத்தவே ஆற்றல் செலவாகும். இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட அகலத்தை உடல் தானே தேர்ந்துகொள்கிறது.

தெரியுமா?

அமெரிக்கப் பொறியாளர் மார்க் ரெய்பர்ட் 1980களில் ஒற்றைக்காலால் துள்ளிச் செல்லும் எந்திரத்தை உருவாக்கினார். அது நிற்க இயலாத எந்திரம். துள்ளிக்கொண்டே இருந்தால்தான் விழாது. ஒவ்வொரு துள்ளலிலும் உடல் செல்லும் வேகத்தைக் கணக்கிட்டு, அடுத்து எங்கே காலை ஊன்றுவது என்று முடிவு செய்வதே அதன் சமநிலையின் அடிப்படையாக இருந்தது. இன்று கரடுமுரடான நிலத்தில் நடக்கும் எந்திர மனிதர்களும் இவ்வழியைப் பின்பற்றுகின்றனர்.

கண், செவி, பாதம்

அடுத்த அடியை எங்கே வைப்பது என்று முடிவு செய்ய மூளைக்குக் கிடைக்கும் நேரம் அரை நொடியளவே. அதற்குள் செய்திகள் மூன்று வழிகளில் வந்து சேர்கின்றன.

முதல் வழி கண். கரடுமுரடான இயற்கை நிலத்தில் நடப்போரின் பார்வையை அளந்த ஆய்வு ஒன்று 2018ஆம் ஆண்டு வெளிவந்தது. நிலம் எத்தகையதாயினும், நடப்போர் ஏறத்தாழ ஒன்றரை நொடிக்குப் பின் தாம் மிதிக்கவிருக்கும் இடத்தையே நோக்கினர். பாதை கடினமாகும்போது பார்வையை அருகில் இழுத்துக்கொண்டு, அதற்கேற்ப வேகத்தையும் குறைத்தனர்.

இரண்டாம் வழி செவி. செவியின் உட்பகுதியில் ஒன்றுக்கொன்று செங்குத்தாக மூன்று அரைவட்டக் குழல்கள் உள்ளன. அவற்றினுள் இருக்கும் நீர்மம், தலை திரும்பும்போது பின்தங்கி, நுண்ணிய மயிரிழைகளை வளைக்கிறது. தலை எப்பக்கம் சுழல்கிறது என்பது அதனால் மூளைக்குத் தெரிகிறது. குழல்களை அடுத்துள்ள சிறு பைகள் தலையின் சாய்வையும் நேர்க்கோட்டு இயக்கத்தையும் உணர்கின்றன.

மூன்றாம் வழி பாதமும் தசைகளும். உள்ளங்காலின் தோல் எப்பகுதியில் அழுத்தம் மிகுகிறது என்பதைத் தெரிவிக்கிறது. தசைகளில் உள்ள உணர்விகள் மூட்டு எவ்வளவு மடிந்துள்ளது என்பதைக் கூறுகின்றன. இருளிலும் மாடிப்படி ஏற முடிவதற்கு இவ்வுணர்வே காரணம்.

இம்மூன்றையும் ஒப்பிட்டுத் திருத்தும் பணியில் சிறுமூளைக்குப் பெரும்பங்கு உண்டு. ஒரு வழி அடைபட்டால் மற்ற இரண்டும் சுமையை ஏற்கின்றன. நீரிழிவு நோய் நெடுநாள் நீடித்தால் சிலருக்கு உள்ளங்காலின் உணர்வு குன்றும். அத்தகையோர் பகலில் இயல்பாக நடப்பர். இருளிலும், முகம் கழுவக் கண்களை மூடும்போதும் தள்ளாடுவர். பாதம் சொல்ல மறந்ததைக் கண் சொல்லிக்கொண்டிருந்தது என்பது கண்ணை மூடியபின் தெரியவருகிறது.

நிலத்திற்கேற்ற நடை

கடலூர் மாவட்டத்தில் சில கல் தொலைவுக்குள் நிலத்தின் தன்மை பலமுறை மாறுகிறது. ஒவ்வொரு நிலமும் அங்கு வாழ்வோருக்கு ஒரு நடையைக் கற்றுக்கொடுத்திருக்கிறது.

சிதம்பரம், காட்டுமன்னார்கோவில் வட்டாரங்கள் காவிரிப் பாசனத்தின் கடைமடைப் பகுதிகள். நடவுக்காலத்தில் நாற்றுக்கட்டைத் தலையில் சுமந்து வரப்பில் நடப்போருக்குக் காலைப் பக்கவாட்டில் தள்ளி வைக்க இடமில்லை. உடலின் முதன்மையான உத்தி அங்கே பயன்படாது. ஆகவே, கணுக்கால் தசைகள் பாதத்தின் உள்விளிம்புக்கும் வெளிவிளிம்புக்கும் இடையே அழுத்தத்தை மாற்றி மாற்றி உடலை நேர்செய்கின்றன. அதுவும் போதாதபோது இடுப்பு வளைகிறது, கைகள் விரிகின்றன. கயிற்றின்மேல் நடக்கும் கழைக்கூத்தாடி நீண்ட கழியை ஏந்துவதும் இக்காரணத்தினாலேயே. கழியின் நிலைமத் திருப்புத்திறன் மிகுதியாதலின் உடல் விரைந்து சாய்வதில்லை. திருத்திக்கொள்ளக் கால அவகாசம் கிடைக்கிறது.

கடலூர் தேவனாம்பட்டினம் வெள்ளிக் கடற்கரையில் நிலைமை வேறு. உலர்ந்த மணலில் கால் புதைகிறது. உந்தும்போது மணல் பின்னோக்கி நழுவுகிறது. அதே வேகத்தில் கட்டாந்தரையில் நடப்பதைவிட மணலில் நடக்க இரண்டு மடங்குக்கும் மேற்பட்ட ஆற்றல் செலவாகிறது. வலையையும் மீன்கூடையையும் சுமந்து கரையேறுவோர் அலை நனைத்த இறுகிய மணலைத் தேடி நடப்பதில் இக்கணக்கு அடங்கியிருக்கிறது. படகின் மேல் நிற்கும்போது அவர்கள் கால்களை அகற்றி, முழங்காலைச் சற்றே மடித்து நிற்கின்றனர். தாங்குதளம் விரிகிறது, ஈர்ப்பு மையம் தாழ்கிறது. நெடுநேரம் கடலில் இருந்து திரும்பியவருக்குக் கரையே ஆடுவதுபோல் தோன்றுவதுண்டு. அலைக்கு ஏற்பத் திருத்தக் கற்ற மூளை, அலையில்லாத தரையிலும் சற்று நேரம் திருத்திக்கொண்டிருப்பதே அதற்குக் காரணம்.

வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்திற்கும் இடையில், ஏறத்தாழ 1100 எக்டேர் பரப்பில் பிச்சாவரம் அலையாத்திக் காடு விரிந்துள்ளது. அங்குள்ள சுரபுன்னை மரங்கள் தண்டிலிருந்து வில்லைப்போல் வளைந்து இறங்கும் தாங்குவேர்களைச் சேற்றில் ஊன்றி நிற்கின்றன. உறுதியற்ற நிலத்தில் தாங்குதளத்தை விரித்துக்கொள்ளும் உத்தியை அம்மரங்களிடமும் காண்கிறோம். அவ்வேர்களுக்கிடையே நீரில் இறங்கிக் கையால் தடவி இறால் பிடிக்கும் இருளர் மக்களுக்குக் கண்ணைவிடப் பாதமே வழிகாட்டி. கலங்கிய நீருக்கடியில் தரை தெரியாது. முன்வைத்த பாதம் உறுதியைத் தொட்டறியும் வரை உடலின் எடை பின்காலிலேயே இருக்கும். ஊன்றிய காலை நேராக இழுத்தால் சேறு விடாது. குதிகாலைச் சற்றுத் திருப்பி, காற்றுப் புக இடம் கொடுத்தே எடுக்க வேண்டும்.

2015ஆம் ஆண்டின் இறுதியில் பெய்த பெருமழை கடலூர் மாவட்டத்தை வெள்ளக்காடாக்கியது. அத்தகைய நேரங்களில் நடையறிவு உயிரறிவாகிறது. முழங்காலளவு ஓடும் நீரே ஆளைச் சாய்க்கப் போதுமானது. பள்ளம் எது, சாலை எது என்பது தெரியாது. ஓடும் வெள்ளத்தில் இறங்காதிருப்பதே சிறந்தது. தவிர்க்க இயலாதபோது, நீண்ட கழியை முன்னால் ஊன்றித் தரையைச் சோதித்து, காலை உயரத் தூக்காமல் தரையைத் தடவியே நகர்த்த வேண்டும். கழி மூன்றாம் காலாகிறது. ஒரு கால் நகரும்போதும் உடலைத் தாங்க இரண்டு ஊன்றுகள் எஞ்சுகின்றன.

தெரிந்து தெளிவோம்

சிலப்பதிகாரம் கூறும் பதினோராடல்களுள் ஒன்று மரக்கால். வஞ்சனையால் பாம்பும் தேளுமாக வந்த அவுணரை அழிக்க, மாயவள் மரத்தால் செய்த கால்களின்மேல் நின்று ஆடியது இக்கூத்து என்பர். மரக்காலில் நிற்பவரின் ஈர்ப்பு மையம் உயர்கிறது, தாங்குதளம் குறுகுகிறது. ஆகவே, மரக்கால் ஆடுவோர் ஓரிடத்தில் அசையாமல் நிற்பதில்லை; சிறு சிறு அடிகளை வைத்துக்கொண்டே இருப்பர்.

தளர்நடை கற்பித்த பாடம்

பிள்ளைத்தமிழ் என்னும் சிற்றிலக்கியம் குழந்தையின் வளர்ச்சியைப் பருவங்களாகப் பகுக்கிறது. ஒரு காலை மடித்து, இரு கைகளையும் ஊன்றித் தலை நிமிர்ந்து ஆடுவது செங்கீரைப் பருவம். தளர்நடையிட்டு வரும் குழந்தையை அழைப்பது வருகைப் பருவம். உடல் சமநிலையைக் கற்கும் படிநிலைகளை நம் முன்னோர் கூர்ந்து நோக்கியுள்ளனர் என்பதற்கு இப்பகுப்பு சான்றாகும்.

தளர்நடைக் குழந்தை கால்களை அகற்றி வைக்கிறது, கைகளை உயர்த்திக்கொள்கிறது, அடிகள் ஒன்றுபோல் இருப்பதில்லை. நியூயார்க் பல்கலைக்கழகத்தின் கேரன் அடால்ஃப் குழுவினர் 2012ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வின்படி, 12 முதல் 19 மாதம் வரையிலான குழந்தைகள் தம் விருப்பப்படி விளையாடும்போது சராசரியாக ஒரு மணி நேரத்தில் 2368 அடிகள் வைக்கின்றனர். 17 முறை விழுகின்றனர். விழுவதற்கு அஞ்சி எந்தக் குழந்தையும் தவழ்தலுக்குத் திரும்பிவிடுவதில்லை. எவ்வளவு சாய்ந்தால் எங்கே காலை வைக்க வேண்டும் என்னும் கணக்கை அதற்கு எவரும் சொல்லித் தர இயலாது. ஒவ்வொரு வீழ்ச்சியிலிருந்தும் அது தானே கற்றுக்கொள்கிறது.

இழந்த காலும் இழக்காத ஆடலும்

நாட்டிய சாத்திரம் ஒரு காலின் இயக்கத்தைச் சாரி என்று குறிக்கிறது. நிலத்தைச் சார்ந்தவை 16, வானோக்கி எழுபவை 16 என அது 32 சாரிகளைக் கூறுகிறது. பரதநாட்டியம் கற்கத் தொடங்கும் மாணவர் முதலில் பயில்வது அரைமண்டியும் தட்டடவும் ஆகும். அரைமண்டியில் முழங்கால்கள் பக்கவாட்டில் மடிய, உடல் தாழ்கிறது. ஈர்ப்பு மையமும் தாழ்கிறது. அந்நிலையில் இருந்துகொண்டே ஒவ்வொரு காலாக எடுத்துத் தட்டும்போது, ஒற்றைக்காலில் உடலைத் தாங்கும் திறன் பல்லாயிரம் முறை பழக்கப்படுகிறது. 1981ஆம் ஆண்டு முதல் சிதம்பரத்தில் மகா சிவராத்திரியை ஒட்டி நடைபெற்றுவரும் நாட்டியாஞ்சலி விழாவில், தூக்கிய திருவடியின் நிலையை ஆடிக் காட்டும் கலைஞர் ஒவ்வொருவருக்கும் பின்னால் இத்தகைய நெடும் பயிற்சி இருக்கிறது.

அதே 1981ஆம் ஆண்டு, திருச்சிராப்பள்ளியை அடுத்து நேர்ந்த பேருந்து விபத்தில் காயமுற்றார் சுதா சந்திரன் என்னும் இளம் நடனக் கலைஞர். அவரது வலக்கால் அகற்றப்பட வேண்டியதாயிற்று. ஆடற்கலைஞர் ஒருவருக்கு இதனினும் பெரிய இழப்பு இல்லை. அவருக்கு உதவியது ஜெய்ப்பூர்க் கால். கைவினைஞர் இராமச்சந்திர சர்மாவும் மருத்துவர் பி. கே. சேத்தியும் 1960களின் இறுதியில் ஜெய்ப்பூரில் உருவாக்கிய செயற்கைக் கால் அது. மேலைநாட்டுச் செயற்கைக் கால்கள் காலணியுடன் சமதளத்தில் நடப்போருக்காக அமைந்தவை. வெறுங்காலுடன் வயலில் இறங்கவும், தரையில் சம்மணமிட்டு அமரவும், மேடுபள்ளங்களில் நடக்கவும் வேண்டிய இந்திய உழைப்பாளருக்கு அவை பொருந்தவில்லை. அக்குறையை அறிந்து, ரப்பரைக் கொண்டு வளையும் பாதத்தை அவர்கள் அமைத்தனர்.

செயற்கைப் பாதத்திற்கு உணர்வு இல்லை. தரையின் செய்தி, எஞ்சிய காலின் மேல் படும் அழுத்தமாகவும் கண்ணின் காட்சியாகவும் மட்டுமே வந்து சேரும். காலை எங்கே ஊன்றுவது என்னும் பழைய கணக்கு பயன்படாது. புதிய கணக்கைத் தளர்நடைக் குழந்தையைப்போல் முதலிலிருந்து கற்க வேண்டும். சுதா சந்திரன் அதனைக் கற்றார். வலியைப் பொறுத்துப் பயின்று, 1984ஆம் ஆண்டு மீண்டும் மேடையேறி ஆடினார். அவரது வாழ்வை ஒட்டி 1985ஆம் ஆண்டு வெளிவந்த ‘மயூரி’ என்னும் தெலுங்குத் திரைப்படத்தில் அவரே நடித்தார். மூளை எந்த வயதிலும் புதிய சமநிலையைக் கற்க வல்லது என்பதற்கு அவரது ஆடல் சான்றாக நிற்கிறது.

முதுமையும் நம் கடமையும்

முதுமையில் கண் மங்குகிறது, செவியின் உணர்வு குறைகிறது, தசை தளர்கிறது. சாய்வை மூளை உணர்வதற்கும் காலை நகர்த்துவதற்கும் இடையிலான நேரம் நீள்கிறது. கால் சரியான இடத்திற்குச் சென்றும், காலம் தாழ்ந்து சென்றால் பயனில்லை. உலகச் சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி, கீழே விழுவதனால் உலகில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 6,84,000 பேர் இறக்கின்றனர். சாலை விபத்துகளுக்கு அடுத்து, தற்செயல் காயங்களால் நேரும் இறப்புகளுக்கு இதுவே இரண்டாவது பெருங்காரணம். இறந்தோரில் 60 வயதைக் கடந்தோரே மிகுதி.

விழுந்து எழுந்த முதியவரை அச்சம் பற்றிக்கொள்கிறது. அச்சத்தால் அவர் நடையைக் குறைக்கிறார்; நடை குறைவதால் தசை மேலும் தளர்கிறது; தளர்ந்த தசை மீண்டும் வீழ்த்துகிறது. தெருமுனைக் கோவிலுக்கும் அண்டை வீட்டுத் திண்ணைக்கும் சென்று வந்தவரின் உலகம் ஒரு கட்டிலளவாகச் சுருங்குகிறது. எலும்பு முறிவினும் கொடிது இச்சுருக்கம்.

இச்சுழலை உடைக்க இயலும். சமநிலைப் பயிற்சியும் கால் தசைகளை வலுப்படுத்தும் பயிற்சியும் முதியோர் விழும் எண்ணிக்கையை ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு குறைக்கின்றன என்பது பல ஆய்வுகளின் தொகுப்பால் தெரியவந்துள்ளது. குளியலறையில் ஒரு கைப்பிடி, இரவில் ஒரு சிறு விளக்கு, வழுக்காத தரை, உயரம் ஒத்த படிகள், தடையற்ற நடைபாதை ஆகியவை பெருஞ்செலவு வேண்டாதவை. நடைபாதையில் நிறுத்தப்படும் ஓர் இருசக்கர வண்டி, இளைஞருக்கு ஒரு விலகல்; முதியவருக்கு அது சாலையில் இறங்க வேண்டிய இடர்.

மற்றொன்றும் அறியத்தக்கது. சுவீடன் நாட்டில் 1997ஆம் ஆண்டு வெளியான ஆய்வொன்று, நடக்கும்போது பேச்சுக் கொடுத்தால் நின்றுவிடும் முதியோர் பின்னர் விழும் வாய்ப்பு மிகுதி என்று கண்டது. நடையே அவர்களின் கவனம் முழுவதையும் வேண்டுகிறது. தாத்தாவோ பாட்டியோ பேசுவதற்காக நடுவழியில் நின்றால், கையைப் பிடித்து இழுக்காமல் நாமும் உடன் நிற்பதே முறை. கைப்பேசியைப் பார்த்துக்கொண்டே நடக்கும் இளையோரும் தம் கண்ணையும் கவனத்தையும் நடையிலிருந்து எடுத்துவிடுகின்றனர் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

கோபுர வாயிலின் கற்சிற்பங்கள் பல நூற்றாண்டுகளாகத் தம் நிலை பிறழாமல் நிற்கின்றன. அவற்றைக் கடந்து செல்லும் மனிதர் எவரும் அவ்வாறு நிற்க இயலாது. சாய்தல் மனித இயல்பு. சாயும் பக்கம் காலை எடுத்து வைத்துத் தன்னைத் தாங்கிக்கொள்வது மனிதத் திறன். தாங்க இயலாதவர் சாயும் பக்கம் தம் கையை நீட்டுவது மனிதப் பண்பு.

சொல்லும் பொருளும்

கரணம் – கைகால்கள் இயைந்த ஆடல் நிலை
தாங்குதளம் – எடையைத் தாங்கும் பரப்பு
தளர்நடை – குழந்தையின் தள்ளாடும் நடை
கடைமடை – பாசன நீர் இறுதியாகச் சென்று சேரும் பகுதி
அவுணர் – அசுரர்
பிறழாமல் – மாறாமல்

இலக்கணக்குறிப்பு

தளர்நடை – வினைத்தொகை
முன்பின் – உம்மைத்தொகை
நடந்து, சாய்ந்து – வினையெச்சங்கள்
ஊன்றிய கால் – பெயரெச்சம்

உறுப்பிலக்கணம்

நடந்தனர் – நட + த்(ந்) + த் + அன் + அர்
நட – பகுதி. த் – சந்தி, ந் ஆனது விகாரம். த் – இறந்தகால இடைநிலை. அன் – சாரியை. அர் – பலர்பால் வினைமுற்று விகுதி.

கற்பவை கற்றபின்

1. ஈரமான பாதங்களுடன் சிமெண்டுத் தரையில் பத்து அடிகள் நடந்து, காலடித் தடங்களின் இடைவெளியையும் அகலத்தையும் அளந்து அட்டவணைப்படுத்துக.
2. நடையைக் குறிக்கும் தமிழ்ச் சொற்களைத் (தத்துதல், தள்ளாடுதல், இடறுதல், நொண்டுதல் போன்றவை) தொகுத்து, அவற்றிடையே உள்ள பொருள் வேறுபாட்டை வகுப்பறையில் கலந்துரையாடுக.
3. உங்கள் தெருவில் முதியோர் நடப்பதற்கு இடையூறாக உள்ளவற்றைப் பட்டியலிட்டு, உள்ளாட்சி அமைப்பிற்கு விண்ணப்பம் எழுதுக.

மதிப்பீடு

பலவுள் தெரிக

1. இடக்காலில் நிற்கும்போது உடல் வலப்புறம் மிகுதியாகச் சாய்ந்தால் வலக்கால் ஊன்றப்படும் இடம்
அ) வழக்கத்தைவிட இடப்புறம் ஆ) வழக்கத்தைவிட வலப்புறம் இ) இடக்காலின் மேல் ஈ) இடக்காலின் பின்புறம்

2. பொருத்தமான இணையைத் தேர்க.
அ) வரப்பு – அகன்ற தாங்குதளம் ஆ) படகு – குறுகிய காலடி இ) கழைக்கூத்து – நிலைமத் திருப்புத்திறன் ஈ) மணல் – குறைந்த ஆற்றல்

குறுவினா

1. தாங்குதளம் என்பது யாது?
2. வரப்பில் நடப்போர் சமநிலைக்குக் கையாளும் உத்திகள் யாவை?
3. கடலிலிருந்து திரும்பியவருக்குக் கரை ஆடுவதுபோல் தோன்றுவது ஏன்?

சிறுவினா

1. ‘நடை என்பது கட்டுப்படுத்தப்பட்ட வீழ்ச்சிகளின் தொடர்’ – விளக்குக.
2. சமநிலைக்குக் கண், செவி, பாதம் ஆகியவை உதவும் முறையை எழுதுக.
3. ஜெய்ப்பூர்க் கால் இந்திய உழைப்பாளருக்குப் பொருந்தியமைக்கான காரணங்களைக் குறிப்பிடுக.

நெடுவினா

1. கடலூர் மாவட்டத்தின் பல்வகை நிலங்கள் மனித நடையை மாற்றும் பாங்கினைத் தொகுத்து எழுதுக.
2. முதியோர் அச்சமின்றி நடமாடக் குடும்பமும் சமூகமும் ஆற்ற வேண்டிய கடமைகளைப் பாடப்பகுதி கொண்டு கட்டுரையாக்குக.